செனட்டர் தூங்குகிற இடம்

சாந்தியாகோ
மார்ச் 4

அன்புத் தம்பி நிபால்டோவுக்கு,

அக்கா மிண்டா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் இடது முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் மக்கர் செய்கிறது. மலை மேல் உனக்கு மூச்சு வாங்குகிறதா, தலைவலி விட்டதா, கம்பளிப் பனியனை உள்ளே போடுகிறாயா என்று கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

நீ போய்ச் சேர்ந்திருக்கும் செம்புச் சுரங்க ஆலையை நான் இரண்டு வருஷமாகக் காகிதத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அங்கே எட்டுத் தூண் மேல் நிற்கப்போகிற தாதுத் தொட்டி நான் வடிவமைத்தது. அதைப் பெற்றெடுத்த கதையைக் கேட்டால் அழுவாய். தொட்டி செய்கிற வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் முதலில் ஒரு எடை சொன்னான். கணக்கெல்லாம் முடிந்த பிறகு, கொஞ்சம் கூடும் என்றான். அவன் ஊரில் கொஞ்சம் என்றால் கால்வாசி போலிருக்கிறது. தூணையும் அஸ்திவாரத்தையும் மாற்றி முடித்து நிமிர்ந்தால், இயந்திரப் பிரிவுக்காரர்கள் வந்து நின்றார்கள். "உங்க குறுக்குச் சட்டம் எங்க தாது ஏத்துற பெல்ட் போற வழியில நிக்குது. கொஞ்சம் தள்ளிப் போடுங்களேன்." பூமி ஆடும்போது தொட்டியைப் பிடித்துக்கொள்கிற சட்டம் அது. தள்ளிப் போட அதென்ன கட்டிலா?

கடைசிச் சண்டை எங்கள் முதலாளி தோன் அர்னால்தோவோடு. "வெளிநாட்டு வரைபடத்துல போல்ட்டெல்லாம் கான்கிரீட்டுக்குள்ள அடங்கிடுது மிண்டா. பார்க்க லட்சணமா இருக்கு. நீ மட்டும் ஏன் முட்டிக்கு மேல தூக்கிக் காட்டுற?" என்றார். அந்த நாட்டில் பூமி ஆடாது, நம் பூமி ஆடும் என்று மூன்று வாரம் கத்தி ஜெயித்தேன். ஒவ்வொரு தூணின் அடியிலும் நாம் 'நாற்காலி' என்று சொல்கிற இரும்புக் கூடு. அதன் மேல் பலகையில் நட்டு. அந்தப் பலகைக்கும் கீழே கான்கிரீட்டுக்கும் நடுவில் போல்ட் கை நீளத்துக்கு வெறுமனே வெளியே தெரியும். அந்த வெற்றிடத்தைக் கண்ணாகப் பார்த்துக்கொள்.

இன்னொன்று. இது உனக்கு நாலாவது வேலை. முந்தைய மூன்றையும் வாயால் கெடுத்துக்கொண்டாய். இந்த முறையாவது மேலே இருப்பவர் என்ன சொன்னாலும் தலையை ஆட்டு. நீ மறுபடி பெட்டியோடு வாசலில் வந்து நின்றால் அம்மாவைத் தேற்ற எனக்குத் தெம்பில்லை.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
மிண்டா


ஆலை முகாம்
மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் ரொட்டி லாரியில் வந்து சேர்ந்தது. நான் நலம். தலைவலி போய்விட்டது, பனியன் உடம்போடு ஒட்டிவிட்டது என்று அம்மாவிடம் சொல். முழங்காலுக்கு ஒரு நல்ல டாக்டரைப் பார்.

உன் எட்டுத் தூணும் எழுந்து நிற்கின்றன. கான்கிரீட் வேலைக்கெல்லாம் இங்கே நான்தான் பொறுப்பு. எனக்கு மேலே காண்டிராக்டரின் தலைமைப் பொறியாளர் தோன் எவாரிஸ்தோ. நல்ல மனிதர், ஆனால் எதையும் சுத்தமாக முடித்து மூடி வைக்க வேண்டும் அவருக்கு. பேனாவுக்குக்கூட மூடி இல்லையென்றால் தூக்கம் வராது. உன் நாற்காலிகளைப் பார்த்துவிட்டு, "என்னய்யா இது, பல்லு போன வாய் மாதிரி. எப்ப மூடுவீங்க?" என்று கேட்டார். அது அப்படியேதான் இருக்கும், வரைபடத்தில் 'காலியாக விடவும்' என்று எழுதியிருக்கிறது என்றேன். "காலின்னா இன்னும் வேலை முடியலைன்னு அர்த்தம் தம்பி" என்றார். நீ சொன்னபடி தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

உன் வெற்றிடத்துக்கு வேறு கிராக்கி இருக்கிறது. வெல்டிங் ஆட்கள் போல்ட்டில் சாப்பாட்டுப் பையை மாட்டுகிறார்கள். மூன்றாம் தூணை ஒரு தெருநாய் பிடித்துக்கொண்டது. வடக்கு பார்த்த தூண், நம் நாட்டு வெயில் வடக்கிலிருந்துதானே, நாள் முழுக்கக் காயும். போல்ட் இரண்டுக்கும் நடுவில் சுருண்டு படுத்தால் மாலை வரை எழுவதில்லை. நாள் பூராவும் தூங்கிவிட்டுச் சாப்பாட்டுக்கு மட்டும் வருவதால் செனட்டர் என்று பெயர் வைத்திருக்கிறோம். சமையற்கட்டு ஒதிலியா அம்மாள் எலும்போடு சூப் கொடுத்து வளர்க்கிறாள்.

அம்மாவுக்கு முத்தம்.

தம்பி,
நிபால்டோ


சாந்தியாகோ
ஏப்ரல் 16

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். டாக்டரைப் பார்த்தோம். முழங்காலைத் திறந்து பார்க்க வேண்டும் என்கிறார், ஜூனில் வரச் சொல்லியிருக்கிறார். உன் தொண்டைக்கு அங்கே தூசி ஒத்துக்கொள்கிறதா? தேன் அனுப்பட்டுமா?

செனட்டர் கதையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தேநீர் மூக்கில் ஏறும் அளவுக்குச் சிரித்தாள். என் இரண்டு வருஷ உழைப்பு ஒரு நாய்க்காவது பிரயோஜனப்பட்டதே என்று நானும் சிரித்தேன். பிறகு கோபம் வந்தது. காலியென்றால் வேலை முடியவில்லை என்று அர்த்தமா? அந்த மனுஷரிடம் இதைச் சொல். பாவாடையின் இடுப்பு எலாஸ்டிக்கை இழுத்தால் நீளும், விட்டால் திரும்பும். அதையே துணியோடு சேர்த்து நெடுகத் தைத்துவிட்டால் நீளாது, ஒரு நாள் பட்டென்று அறும். போல்ட்டும் அப்படித்தான். வெறுமனே விட்டால் பூமி குலுங்கும்போது அது நீண்டு அடியை வாங்கிக்கொள்ளும், தொட்டி நிற்கும். மறுநாள் நட்டை முறுக்கினால் போதும். கலவை போட்டு மூடினால் அது நீள முடியாது. கான்கிரீட் மட்டத்தில் முறியும். எங்கே முறிந்தது என்றுகூட வெளியே தெரியாது.

தொட்டிக்கு நேர் கீழே இயக்கும் அறையை வைத்துவிட்டார்கள், அது தெரியுமா உனக்கு? கேபிள் மிச்சமாம். நான் படித்துப் படித்துச் சொன்னேன். "எல்லாத்துக்கும் குறுக்க நின்னா ஆலையே வராது மிண்டா" என்று ஒரு வாரமாக எனக்குப் புத்தி சொல்கிறார்கள். தொட்டி சாய்ந்தால் அந்த அறையில் இருப்பவர்கள் ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள். நீயும் தினம் அதற்குள் போய் வருகிறாய்.

எனக்கு ஒரே ஒரு வாக்கு கொடு. அந்த எட்டு நாற்காலியிலும் யாரும் எதையும் பூசாமல் பார்த்துக்கொள்வேன் என்று எழுது.

அக்கா,
மிண்டா


ஆலை முகாம்
மே 25

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னிப்பு. உடம்புக்கு ஒன்றுமில்லை, வேலை நெருக்குகிறது. தேன் வேண்டாம், ஒதிலியா அம்மாள் எலுமிச்சையும் இஞ்சியும் போட்டுக் கொடுக்கிறாள். அம்மாவைப் பயப்பட வேண்டாம் என்று சொல், முழங்கால் திறப்பதெல்லாம் இப்போது சாதாரணம்.

வாக்குதானே, கொடுத்தேன். எலாஸ்டிக் கதையைத் தோன் எவாரிஸ்தோவிடம் சொன்னேன். "பொம்பளை இன்ஜினியர்னா பாவாடையிலதான் ஆரம்பிப்பாங்க" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று ராத்திரி வரை யோசித்தேன்.

திறப்பு விழாவுக்கு நாள் குறித்துவிட்டார்கள். ஜூலையில் மந்திரி வருகிறார். முகாம் முழுக்கப் புதுப் பெயின்ட் வாசனை. கல்லுக்குக்கூட வெள்ளையடிக்கிறார்கள். தோன் எவாரிஸ்தோ நேற்று என்னைத் தனியே கூப்பிட்டு, துறைமுக வேலை அடுத்து வருகிறது, அதற்கு நிரந்தரமாக ஆள் எடுப்பேன், உன் பெயரும் யோசனையில் இருக்கிறது என்றார். அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்லாதே. அவள் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சொல்லிவிடுவாள்.

செனட்டர் கொழுத்துவிட்டது. நாற்காலிக்குள் நுழைய மூச்சை அடக்க வேண்டியிருக்கிறது.

தம்பி,
நிபால்டோ


சாந்தியாகோ
ஜூன் 22

அன்புத் தம்பிக்கு,

அம்மாவின் அறுவை நல்லபடியாக முடிந்தது. தையல் பிரித்தாகிவிட்டது. உன் விடுமுறைக்கு வருவாய் என்று வாசலைப் பார்த்தபடியே இருந்தாள். வேலை அதிகம் போலிருக்கிறது என்று சொல்லி வைத்தேன். நீ ஒரு வரி எழுதியிருக்கலாம்.

எனக்கு இங்கே தலை வெடிக்கிறது. குழாய்க்காரன் ஒருவன் என் சட்டத்தில் தலை நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டுவிட்டு, அதற்குப் பிறகு அனுமதி கேட்டுக் கடிதம் போடுகிறான். வேண்டாம் என்று பதில் எழுதினால், ஓட்டை போட்டாயிற்றே, இனி என்ன செய்ய என்கிறான். பூமி இவன் கடிதத்தைப் படித்துவிட்டா ஆடும்? தோன் அர்னால்தோ என் கோபம் தணிய என்று கெமோமில் பூத் தேநீர் வாங்கி வந்து மேசையில் வைத்தார். அதுதான் அவர் எடுத்த நடவடிக்கை.

துறைமுக வேலை விஷயம் சந்தோஷம். அம்மாவிடம் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கடிதத்தை எத்தனை முறை படித்தாலும் ஒன்று மட்டும் தட்டுப்படவில்லை. போல்ட்டுகள் இப்போது எப்படி இருக்கின்றன? 'வாக்கு கொடுத்தேன்' என்று எழுதிவிட்டு, விழா, வேலை என்று சுற்றி நாயிடம் போய் முடித்துவிட்டாய். அடுத்த கடிதத்தில் ஒரு படம் எடுத்து அனுப்பு. எட்டும் வேண்டாம், மூன்றாம் தூண் போதும். நாயும் படத்தில் இருக்கட்டும், அம்மா பார்க்க ஆசைப்படுகிறாள்.

அக்கா,
மிண்டா


ஆலை முகாம்
ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கும் அம்மாவுக்கும்,

நான் சௌக்கியம். அம்மா நடக்கிறாள் என்று கேட்டு நிம்மதி. விடுமுறைக்கு வர முடியாததற்கு அவள் என்னைத் திட்டட்டும், வாங்கிக்கொள்கிறேன்.

விழா அமர்க்களமாக நடந்தது. மந்திரி ரிப்பன் வெட்டினார். கத்தரிக்கோல் மழுங்கல், இரண்டு முறை வெட்ட வேண்டியிருந்தது. பாதிரியார் தொட்டிக்குத் தீர்த்தம் தெளித்தார், காற்றில் அது முழுவதும் தோன் எவாரிஸ்தோவின் கோட்டில் விழுந்தது. ஒதிலியா அம்மாள் கறி வைத்து மடித்த எம்பனாதா ஆயிரம் சுட்டாள். மந்திரி தூண்களுக்கு நடுவில் நடந்து போய், "எவ்வளவு சுத்தமா வச்சிருக்கீங்க" என்று பாராட்டினார். தோன் எவாரிஸ்தோ என் தோளைத் தட்டினார். பெல்ட் ஓட ஆரம்பித்துவிட்டது. தொட்டியில் பாதி வரை தாது ஏறியிருக்கிறது.

படம் எடுத்தேன், சரியாக விழவில்லை. அடுத்த ஃபிலிம் சுருளில் பார்க்கலாம்.

செனட்டர் நலம். இப்போது வண்டிக் கொட்டகைக்குப் பின்னால் படுக்கிறது. குளிர் அதிகம், அதனால் இருக்கும்.

இங்கே எல்லாரும் நலம்.

தம்பி,
நிபால்டோ


சாந்தியாகோ
ஆகஸ்டு 1

நிபால்டோ,

அம்மா நலம். நான் நலமில்லை.

வண்டிக் கொட்டகையின் பின்பக்கம் தெற்கு பார்த்தது. அந்த இட வரைபடமும் என் மேசையில்தான் இருக்கிறது. குளிர்காலத்தில் ஒரு நாளும் அங்கே வெயில் விழாது. வெயிலில் காய்கிற இரும்பை விட்டுவிட்டு, குளிருக்குப் பயந்து நிழலுக்குப் போகிற நாய் உலகத்தில் எங்காவது உண்டா?

அதன் இடத்தில் இப்போது என்ன இருக்கிறது?

மிண்டா


சாந்தியாகோ
ஆகஸ்டு 19

நிபால்டோ,

சுகமா என்று கேட்க மனசு வரவில்லை, இருந்தாலும் கேட்கிறேன். அம்மா கேட்கச் சொன்னாள்.

முகாமுக்கு நாலு முறை ஃபோன் செய்தேன். எழுத்தர் ஒவ்வொரு முறையும், "அவர் சைட்டுல இருக்காரும்மா" என்கிறான். ஆகஸ்டு விடுமுறைக்கும் நீ இறங்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காக மலை மேலேயே குடியிருக்கப் போகிறாயா?

தோன் அர்னால்தோவிடம் போய்ச் சொன்னேன். "வரைபடத்துல எழுதியிருக்கோம்ல. நம்ம பொறுப்பு அதோட முடிஞ்சுது. அவங்க பூசினா அவங்க பாடு." அடியில் இருப்பது என் தம்பி என்றேன். "அப்ப தம்பிகிட்ட பேசு" என்றார். அந்தத் தம்பிதான் பேசமாட்டேன் என்கிறானே.

எனக்கு ஆத்திரமாக வருகிறது. மூன்று வேலையை வாயால் தொலைத்தவன், வாயைத் திறக்க வேண்டிய ஒரே இடத்தில் ஊமையாகிவிட்டாயே. ஒவ்வொரு ராத்திரியும் படுத்தவுடன் கணக்குப் போடுகிறேன். தொட்டி நிரம்பியிருக்கிறது, ஆள் மாறுகிற நேரம், இயக்கும் அறையில் இரண்டு பங்கு ஆட்கள். கணக்கு முடிவதேயில்லை.

மாதம் முடியும் வரை பொறுப்பேன். அதற்குள் உன்னிடமிருந்து ஒரு வரி வராவிட்டால் சுரங்கக் கம்பெனிக்கு நேராக எழுதுவேன். பூச்சு வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போடுகிறவர் கான்கிரீட் பொறுப்பாளர். அது யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அறிக்கையில் அந்தப் பெயர் வரும்.

மிண்டா


ஆலை முகாம்
ஆகஸ்டு 29

அன்புள்ள அக்காவுக்கு,

பனி விழுந்து பாதை அடைபட்டிருக்கிறது. இந்தக் கடிதமும் நானும் ஒரே லாரிக்காகக் காத்திருக்கிறோம். உடம்பு நலம். புருவத்தில் ஒரு சின்னக் காயம், தையல் போட்டாயிற்று.

செனட்டர் மூன்றாம் தூணுக்குத் திரும்பிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை நம் அணியின் கால்பந்து ஆட்டம் இருந்தது இல்லையா, முகாம் முழுவதும் சாப்பாட்டுக் கூடத்தில் டிவி முன்னால் கிடந்தது. நானும் இரண்டு கொத்தனார்களும் மட்டும் பார்க்கவில்லை. விழாவுக்கு முன் பூசிய கலவை கல்லாக இறுகியிருந்தது. மெஷின் உளியால் முக்கால்வாசியை எடுத்தோம். போல்ட்டில் கீறல் விழுந்தால் அதுவே ஆபத்து என்பதால் கடைசி விரல் அகலத்தைக் கைச் சுத்தியலால் கொத்தினோம். எட்டையும் துடைத்து கிரீஸ் தடவினோம். அங்கே இருக்கக் கூடாதது எதுவும் இப்போது அங்கே இல்லை. கூடத்தில் கோல் விழுந்து எல்லோரும் கத்தியபோதுதான் சில்லு தெறித்துப் புருவத்தில் பட்டது.

திங்கட்கிழமை காலை தோன் எவாரிஸ்தோ வந்து பார்த்தார். எட்டுத் தூணையும் சுற்றி வந்தார். அப்புறம், "மந்திரி பாராட்டின வேலைய உடைச்சிருக்கியேடா" என்றார். அவருக்கு உண்மையிலேயே கண் கலங்கியிருந்தது அக்கா. நீ சொன்னாயே என்று நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். கொத்தனார்களைத் தொட வேண்டாம், நான்தான் சொன்னேன் என்று மட்டும் சொன்னேன்.

வீட்டுக்கு வரவில்லை. பெட்டியோடு வாசலில் நிற்க எனக்கும் தெம்பில்லை. அந்தோஃபகாஸ்தாவில் இறங்கி ஏதாவது பார்க்கிறேன். கடிதத்தின் பின்பக்கம் இருப்பது தங்கப்போகிற விடுதியின் விலாசம். அம்மாவிடம் துறைமுக வேலை என்று சொல். பாதி உண்மைதான், துறைமுகத்துப் பக்கத்தில்தான் இருப்பேன்.

தம்பி,
நிபால்டோ


சாந்தியாகோ
செப்டம்பர் 2

நிபால்டோ,

மாதம் முடிந்துவிட்டது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை.

இன்று காலை அறிக்கையை அனுப்பிவிட்டேன். தோன் அர்னால்தோவைக் கேட்கவில்லை. என் பெயரில், என் கையெழுத்தில். எட்டு நாற்காலியும் கலவையால் மூடப்பட்டிருக்கின்றன, உடனே ஆலையை நிறுத்திப் பார்க்க வேண்டும், பூச்சுக்குக் கையெழுத்திட்டவர் பொறியாளர் நிபால்டோ ஓயார்சுன். நம் குடும்பப் பெயரை எழுதும்போது கை நின்றது. எழுதினேன்.

இனி நீ என்னோடு பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை. உயிரோடு இருந்து பேசாமல் இரு.

அம்மா உனக்குக் கம்பளித் தொப்பி பின்னிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு எதுவும் தெரியாது.

மிண்டா


சாந்தியாகோ
செப்டம்பர் 21

என் தம்பி நிபால்டோவுக்கு,

புருவம் ஆறிவிட்டதா? விடுதியில் சாப்பாடு எப்படி? அம்மா நலம், தொப்பியை இதோடு வைத்திருக்கிறேன்.

உன் கடிதம் தேசிய விழாவுக்கு முந்தின நாள் வந்தது. பனியை, லாரியை, தபால்காரனை, என்னை, எல்லாரையும் திட்டித் தீர்த்தேன். இரண்டு வாரம் பொறுத்திருந்தால் போதும். பொறுக்கவில்லையே நான்.

அடுத்ததைக் கேள். சுரங்கக் கம்பெனிக்காரர்கள் போய்ப் பார்த்திருக்கிறார்கள். எட்டுத் தூணின் போல்ட்டுகளும் வரைபடத்தில் உள்ளபடியே திறந்திருக்கின்றன, புகாருக்கு ஆதாரம் எதுவும் இல்லை என்று எங்கள் அலுவலகத்துக்கு எழுதிவிட்டார்கள். தோன் அர்னால்தோ அதை எல்லோர் முன்னாலும் வாசித்தார். "பார்க்காமலே எழுதுவியா மிண்டா? நாயை வச்சா கணக்குப் போட்ட?" என்று கேட்டார். ஆமாம், நாயை வைத்துத்தான் போட்டேன் என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் நீ பூசியதையும் உடைத்ததையும் சொல்ல வேண்டும். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். மன்னிப்புக் கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். இனி சுரங்க வேலைகளில் என் பெயர் இருக்காது. பள்ளிக்கூடத்துக் கழிப்பறைக்குக் கூரை கணக்குப் போட உட்கார வைத்திருக்கிறார்கள்.

நீ சரியானதைச் செய்து வேலையை இழந்தாய். நீ அதைச் செய்ததால் நான் பொய் சொன்னவள் ஆனேன். இதற்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் பாத்திரங்களைப் போட்டு உடைத்துக்கொண்டிருக்கிறேன். அறிக்கையில் உன் பெயர் இருப்பதால் உனக்கு வடக்கில் யாரும் வேலை தராமல் போனால் அது என் கை செய்த வேலை. என்னை மன்னி என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

தலையை ஆட்டு என்று சொன்னவளும் நான்தானே. முதல் கடிதத்திலேயே சொன்னேனே. என் நாக்கை என்ன செய்ய?

வீட்டுக்கு வா. வாசலில் பெட்டியோடு நில். நான் கதவைத் திறக்கிறேன்.

அக்கா,
மிண்டா


அந்தோஃபகாஸ்தா
அக்டோபர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். புருவத்தில் ஒரு கோடு மட்டும் இருக்கிறது, பார்க்கக் கொஞ்சம் ரௌடி மாதிரி. தொப்பி அளவாக இருக்கிறது. மீன் கிடங்கு ஒன்றுக்குத் தரை போடுகிற இடத்தில் வேலை கிடைத்துவிட்டது. அங்கே யாரும் அறிக்கை படிப்பதில்லை.

செவ்வாய்க்கிழமை இங்கே பூமி ஆடியதை ரேடியோவில் கேட்டிருப்பாய். இங்கே விடுதியில் அலமாரி நடந்து வந்து கதவை அடைத்துக்கொண்டது. நான் கட்டில் விளிம்பைப் பிடித்தபடி உன் எட்டுத் தூணையும் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தேன். நின்ற பிறகும் எண்ணினேன். முகாமுக்கு லைன் கிடைக்க இரண்டு நாள் ஆயிற்று. எழுத்தர் எடுக்கவில்லை, ஒதிலியா அம்மாள் எடுத்தாள்.

அவள் முதலில் சொன்னது வேறு விஷயம். நான் இறங்கிப் போன வாரமே தோன் எவாரிஸ்தோ திரும்பவும் பூசச் சொல்லிவிட்டாராம். எட்டுத் தூணடியிலும் கலவை மூட்டை இறக்கி, ஆளும் சொல்லியாயிற்று. வேலை தொடங்க வேண்டிய காலையில் கம்பெனிக்காரர்கள் உன் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஜீப்பில் வந்து இறங்கினார்கள். வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, சரியாக இருக்கிறது, இப்படியே இருக்க வேண்டும், யாரும் தொடக்கூடாது என்று எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு அவரால் பூச முடியவில்லை. மூட்டைகளைத் திருப்பி அனுப்பினார். நான் திறந்ததைத் திறந்தே வைத்தது உன் பொய் அறிக்கைதான் அக்கா. பாத்திரம் உடைப்பதை நிறுத்து.

பூமி ஆடியபோது தொட்டி நிறையத் தாது. இயக்கும் அறையில் பதினொரு பேர். ஜன்னல் கண்ணாடி போனது, வேறு ஒன்றும் ஆகவில்லை. எட்டுத் தூணிலும் போல்ட் நீண்டு நட்டுக்கள் தளர்ந்திருந்தன. தோன் எவாரிஸ்தோ குனிந்து ஒவ்வொன்றாக விரல் விட்டுப் பார்த்தாராம். அப்புறம், "முறுக்குங்க" என்றாராம்.

ஏழு தூணை முறுக்கிவிட்டார்கள். மூன்றாம் தூணில் மட்டும் செனட்டர் உள்ளே படுத்துக்கொண்டு, வந்தவர்களைக் கிட்ட விடாமல் உறுமியிருக்கிறது. ஒதிலியா அம்மாள் எலும்போடு போய் வெளியே அழைத்து வர வேண்டியிருந்தது.

அந்த நேரத்தில் அவள் சமையற்கட்டு வாசலில் நின்று தொட்டியைப் பார்த்திருக்கிறாள். "எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டேன். "என்னத்தச் சொல்ல, அது பாட்டுக்கு இப்படியும் அப்படியும் தலைய ஆட்டிட்டு, நின்ன இடத்துலயே நின்னுச்சு" என்றாள்.

சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். அம்மாவிடம் உண்மையை நானே சொல்கிறேன்.

தம்பி,
நிபால்டோ